தண்ணீர்தான், அக்கா

தாம்பரம்
8-2-1998

அன்புள்ள பரிமளா அக்காவுக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலம்தானே? ஊர் விசாரிப்பெல்லாம் அடுத்த கடிதத்தில். இப்போது எனக்கு ஒரு வேலை ஆக வேண்டும்.

உன் தறியில் பட்டு அல்லாத நூலை நெய்ய முடியுமா?

விஷயம் இதுதான். தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது இரண்டு வாயுவாகப் பிரியும். ஒரு தகட்டில் ஹைட்ரஜன், எதிர்த் தகட்டில் ஆக்ஸிஜன். ஹைட்ரஜனை எரித்தால் கரியும் இல்லை, புகையும் இல்லை, திரும்பத் தண்ணீர்தான் வரும். எங்கள் ஆய்வகத்தில் அதை வெயில் மின்சாரத்தில் செய்கிறோம். இரண்டு வாயுவும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்பதால் தகடுகளுக்கு நடுவே ஒரு தடுப்பு வேண்டும். இத்தனை நாள் கல்நார் வைத்தார்கள். அது நுரையீரலுக்குக் கேடு. அதற்குப் பதிலாக நெருக்கமாக நெய்த துணி வைக்கலாம் என்பது என் யோசனை. மில்காரனிடம் கேட்டால் ஆயிரம் மீட்டருக்குக் குறைந்தால் பேசவே மாட்டேன் என்கிறான். எனக்கு வேண்டியது பத்து மீட்டர். வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

முடியும், முடியாது என்று ஒரு வரி எழுது.

ஹேமநாத்

*

ஆரணி
17-2-1998

அன்புத் தம்பி ஹேமநாத்துக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுதவில்லை.

முடியும். உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “தண்ணிக்கு நடுவுல துணி கட்டறதுக்கா எம் புள்ளைய அவ்ளோ தூரம் படிக்க வெச்சேன்?” என்று கேட்டு, அரை நாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துகினு இருந்தாள்.

எனக்கு ஒரு விவரம் வேண்டும். இந்தத் துணி எதில் கிடக்கப்போகிறது? பட்டை நாம் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துத்தான் பசை எடுக்கிறோம். சோடா ஒரு பிடி கூடிப்போனால் பட்டு கூழாகிவிடும். ஒவ்வொரு நூலுக்கும் ஆகாதது ஒன்று இருக்கும். எதில் கிடக்கும், எவ்வளவு சூட்டில் கிடக்கும் என்று தெரிந்தால் அதற்குத் தகுந்தபடி நெய்வேன்.

உடம்பைக் கவனி.

பரிமளா

*

தாம்பரம்
2-3-1998

அன்புள்ள அக்கா,

நலம். சாப்பிடுகிறேன்.

தண்ணீர்தான், அக்கா. வேறு ஒன்றும் இல்லை. நூல் வெளிநாட்டிலிருந்து வந்தது, அதை எதுவும் அரிக்காது. நீ நெருக்கத்தை மட்டும் பார். மற்ற விவரமெல்லாம் சொன்னாலும் புரியாது, அம்மா கேட்டால் பயப்படுவாள்.

நூலைச் சின்னதுரை கொண்டுவருவான். டிப்ளமோ படித்தவன். தண்ணீரைப் பிரிக்கும் எங்கள் கலத்தைக் கழற்றிப் பூட்டுவதெல்லாம் அவன்தான். வீடு களம்பூரில், அப்பா அரிசி ஆலையில் பாய்லர் பார்க்கிறார். ஊருக்குப் போகிறவன் உன்னிடம் கொடுத்துவிட்டுப் போவான். உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், அவனுக்குப் பேச்சு அதிகம்.

ஹேமநாத்

*

ஆரணி
6-4-1998

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

நூல் வந்தது. வழுக்குகிறது. கஞ்சி பிடிக்கவில்லை, பாவில் ஐந்து நாள் அவஸ்தைப்பட்டேன். உன் சிநேகிதர் தறிப் பக்கத்தில் குந்திகினு, “இன்னாங்க இது, நூலா, மீன் நரம்பா?” என்று கேட்டார். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மூன்று இடத்தில் அறுந்தது. அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டால் பக்கத்தில் இடைவெளி விழுமே என்று நான் யோசித்துகினு இருக்கும்போது, அவர் நூலின் இரண்டு முனையையும் ஊதுவத்தி நெருப்பில் காட்டி ஒட்டிக் கொடுத்தார். முடிச்சே இல்லை. இருபது வருஷமாகத் தறியில் உட்காருகிறேன், எனக்குத் தோன்றவில்லை.

அம்மா அவரைச் சாப்பிடச் சொன்னாள். நீ பேச வேண்டாம் என்றாய், சாப்பாட்டைப் பற்றி எழுதவில்லை.

முதல் துண்டு இரண்டு மீட்டர் அவரிடம் கொடுத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் எழுது.

பரிமளா

*

தாம்பரம்
11-6-1998

அன்புள்ள அக்கா,

நலம். அம்மாவின் கால் எப்படி இருக்கிறது?

துணி பிரமாதம். வெளிச்சம் தெரியவில்லை. கல்நார் வைத்தபோது 2.1 வோல்ட் எடுத்தது, உன் துணியில் 1.9. உனக்கு இது சின்ன எண்ணாகத் தெரியும். எங்கள் தொழிலில் இதுதான் எல்லாம். தண்ணீரைப் பிரிப்பது பெரிய வித்தை இல்லை, பள்ளிக்கூடத்திலேயே செய்கிறார்கள். கொடுக்கிற மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு சூடாகிப் போகிறதே, அதைக் குறைப்பதுதான் வித்தை. தகட்டுக்குப் பிளாட்டினம் பூசினால் குறையும், ஆனால் பிளாட்டினத்தில் ஓடும் ஹைட்ரஜன் அடுப்பை எந்த வீட்டுக்காரன் வாங்குவான்? நிக்கல் தகடு, கைத்தறித் துணி. இது ஓடினால் எவனும் செய்யலாம்.

இன்னொரு துண்டு வேண்டும். ஜல்தியாக வேண்டும்.

சின்னதுரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்விடுகிறான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். வேலை கெடுகிறது.

ஹேமநாத்

*

ஆரணி
9-8-1998

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

அவருடைய அம்மாவுக்கு இப்போது உடம்பு பரவாயில்லை என்று கேள்விப்பட்டேன்.

இரண்டாவது துண்டு கொடுத்தனுப்பியிருக்கிறேன். முதல் துண்டைவிட இது நன்றாக வந்திருக்கிறது. பாவில் இன்னும் ஆறு மீட்டர் மிச்சம் இருக்கிறது. அது தீரும்வரை இந்தத் தறியில் சேலை போட முடியாது, அதனால் சீக்கிரம் சொல்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. அவருடைய இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்திருக்கிறது. தோல் சோப்புத் தண்ணீர் பட்ட மாதிரி வழுவழுவென்று உரிகிறது. கேட்டால், “அடுப்புல சுட்டுகினேங்க” என்று சிரிக்கிறார். அடுப்புச் சூடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தண்ணீர் அப்படி வேகவைக்குமா?

பரிமளா

*

தாம்பரம்
5-10-1998

அன்புள்ள அக்கா,

நலம். பதில் எழுதத் தாமதம், வேலை.

ஓட்டம் தொடங்கிவிட்டது. தொடர்ந்து நூறு நாள். சூரியன் எழும்போது ஓட வேண்டும், விழும்போது நிற்க வேண்டும், நடுவில் ஒரு நாள்கூட விடக் கூடாது. நூறு நாள் ஓடினால்தான் பெரிய கலம் கட்ட அனுமதி கிடைக்கும். நவம்பர் 20 டெல்லியிலிருந்து பார்க்க வருகிறார்கள்.

கஷ்டம் எது தெரியுமா? மேகம். வெயில் குறைந்தால் மின்சாரம் குறையும், வாயு குறைவாக வரும். ஆனால் துணி வழியாக மறுபக்கம் கசியும் ஹைட்ரஜன் மட்டும் குறையாது. அதனால் மேகமான நாளில் ஆக்ஸிஜன் தொட்டியில் ஹைட்ரஜனின் பங்கு ஏறிவிடும். நூற்றுக்கு நாலு பங்கைத் தாண்டினால் வெடிக்கும். அதனால் இருபது ஆம்பியருக்குக் கீழே வந்தால் கலத்தை நிறுத்திவிடுவோம். பலகையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் அடிக்கடி நிறுத்த வேண்டிவரும், அதுதான் பேஜார். பார்த்துக்கொள்வோம்.

தீபாவளிக்கு வரமாட்டேன். கலத்துக்குத் தீபாவளி கிடையாது.

ஹேமநாத்

*

ஆரணி
24-10-1998

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். தீபாவளிக்கு உன் இலையை அம்மா போட்டுவிட்டுத் திரும்ப எடுத்துவைத்தாள்.

மறுநாள் அவர் வந்தார். களம்பூரிலிருந்து அவருடைய அம்மா செய்த அதிரசம் கொண்டுவந்தார். “உங்க புள்ள என்னை மட்டும் ஒரு நாள் அவுத்து வுட்டாருங்க” என்றார். “அவனையும் அவுத்து வுட ஆள் வேணுமே” என்றாள் அம்மா. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. அவரிடமே வற்புறுத்திக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

உன்னிடம் இரண்டு விஷயம் பேச வேண்டும். ஒன்று துணியைப் பற்றி, உடனே பேச வேண்டும். இன்னொன்று கடிதத்தில் எழுத முடியாது. தெருமுனை போன் பூத் நம்பர் உன்னிடம் இருக்கிறது. கூப்பிட்டால் பையனை அனுப்பி அழைப்பார்கள். ஒரு நாள் கூப்பிடு. அல்லது வா. பஸ்ஸில் நாலு மணி நேரம்தான்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
பரிமளா

*

தாம்பரம்
13-11-1998

அக்கா,

சின்னதுரை இறந்துவிட்டான். நேற்று முன்தினம் காலை பத்தே காலுக்கு ஆக்ஸிஜன் தொட்டி வெடித்தது. அவன் பக்கத்தில் நின்றிருந்தான். நான் அடுத்த அறையில் இருந்தேன். எனக்கு ஒன்றுமில்லை. நேற்று உடலைக் களம்பூருக்குக் கொண்டுபோனோம். வழியில் ஆரணியில் இறங்கவில்லை. இறங்கும் நிலையில் இல்லை. நீ அவனுக்குச் சோறு போட்டவள் என்பதால் சொல்கிறேன்.

இன்று கலத்தைப் பிரித்தேன். துணியின் ஓரத்தில் ஒரு நூல் இருந்த இடம் காலியாக இருந்தது. அலமாரியில் அதே துண்டில் வெட்டிய மிச்சம் இருந்தது, அதை எடுத்துப் பார்த்தேன். அதே இடத்தில் ஓர் அரக்கு நிற நூல். எரித்து முகர்ந்தேன். பட்டு.

வெளிநாட்டு நூலில் பட்டை எதற்கு வைத்தாய்? கலத்தில் இருப்பது பொட்டாஷ் காரம். எண்பது டிகிரி. பட்டு அதில் அரை மணி நேரம் தாங்காது. சோடா பட்டைக் கூழாக்கும் என்று எனக்கே எழுதினவள் நீ. வழிவிட்டது அந்த நூல்தான். துணியைப் பற்றிப் பேச வேண்டும் என்றாயே, இதுதானா? அப்போதே ஒரு வரியில் எழுதியிருக்கலாமே.

அழகுக்கு வைத்தாயா? இது சேலையா?

ஹேமநாத்

*

ஆரணி
30-11-1998

தம்பிக்கு,

அம்மா சுகம்.

அரக்கு நூல் நான் வைத்ததுதான். துணியில் தவறு என்றால் அது நெய்தவளுடையது. நீ உன்னை வருத்திக்கொள்ளாதே. ராத்திரியில் தூங்கு.

பரிமளா

*

தாம்பரம்
7-3-1999

அன்புள்ள அக்கா,

நீ நலமா? சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, நேராகவே எழுதுகிறேன். துணியில் தவறு இல்லை.

அந்த அரக்கு நூல் இருந்தது துணியின் ஓரத்தில். ஓரம் முழுவதும் ரப்பர் வளையத்துக்கு அடியில் அழுந்தியிருந்தது. நூல் கரைந்தது உண்மை. ஆனால் அங்கே வாயு போக வழியே இல்லை. டிசம்பரில் புதுக் கலம் கட்டிச் சோதித்தேன். அரக்கு நூல் உள்ள துணி, இல்லாத துணி, இரண்டிலும் ஒரே கசிவு. இருபது ஆம்பியரில் நூற்றுக்கு இரண்டு பங்கு. எட்டு ஆம்பியரில் ஐந்து.

எட்டு ஏன் என்று கேட்பாய். நவம்பர் முதல் வாரம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் நிறுத்த வேண்டிவந்தது. டெல்லிக்காரர்கள் வரும்போது கணக்கில் ஓட்டை தெரியுமே என்று பலகையில் இருபதை அழித்துவிட்டு எட்டு என்று எழுதினேன். இரண்டு வாரத்துக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சின்னதுரை அதைப் பார்த்துவிட்டு, “எட்டுன்னா ரொம்ப பேஜாருங்க, நிறுத்திக்கலாம்” என்றான். “நீ ஸ்பானரைப் பிடி, எண்ணை நான் பார்த்துக்கறேன்” என்றேன். அவனிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான் என்று நினைக்கிறேன். வேறு ஏதாவது சொன்னேனா என்று தினமும் யோசிக்கிறேன்.

இதெல்லாம் டிசம்பர் பத்தாம் தேதியே தெரியும். உனக்கு எழுதவில்லை. அதைவிட மோசம், ஜனவரியில் விசாரணை அறிக்கையில் ‘தடுப்புத் துணியின் நெசவுக் குறை’ என்று எழுதினார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். நேற்று இயக்குநரிடம் போய் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன செய்வார்களோ செய்யட்டும்.

தண்ணீர்தான் என்று உனக்கு எழுதினதும் நான்தான். காரம் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நீ அந்த நூலை வைத்திருக்கவே மாட்டாய். அந்தப் பழியையாவது உன்மேல் போட எனக்கு இடம் இருந்திருக்காது.

அந்த நூலை எதற்கு வைத்தாய், அக்கா? திட்டுவதற்காகக் கேட்கவில்லை.

ஹேமநாத்

*

ஆரணி
25-3-1999

அன்புத் தம்பிக்கு,

அம்மா சுகம். என் சுகத்தைக் கேட்டிருந்தாய். தறியில் உட்கார முடிகிறது.

உன் கடிதத்தில் எனக்குப் புதிதாகத் தெரிந்தது அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

நவம்பரில் மழையால் இங்கே மூன்று நாள் தபாலே வரவில்லை. திங்கட்கிழமை தபால்காரர் கந்தசாமி இரண்டு கடிதங்களைச் சேர்த்துக் கொடுத்தார். “ரெண்டுமே தாம்பரத்துல இருந்து வந்துகீதும்மா, தம்பிக்கு இப்பத்தான் அக்கா ஞாபகம் வந்துச்சாட்டம்” என்றார். ஒன்று உன்னுடையது. மற்றது அவருடையது, பதினோராம் தேதி காலை வேலைக்குப் போகும் வழியில் பெட்டியில் போட்டது.

நான் அவருடையதை முதலில் பிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய அம்மாவை அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வருவதாக எழுதியிருந்தார். நம் அம்மா ஒத்துக்கொள்வாளா, அவர்கள் வேறு ஜனம் ஆயிற்றே என்று நான் பயந்ததற்கு, “அதிரசத்தைச் சாப்ட்டாங்களே, அப்புறம் இன்னா” என்று எழுதியிருந்தார். நான் கடிதத்தைப் படித்தபோது அந்த ஞாயிறு முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. படித்து மடித்து, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துகினு இருந்தேன். அம்மா எதிரில் இருந்தாள், அன்றைக்கே சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் உன்னுடையதைப் பிரித்தேன்.

அரக்கு நூலைக் கேட்டாயே. ஜூலையில் வந்திருந்தபோது, “ஆய்வகத்துல இன்னும் நாலு துணி கெடக்குதுங்க, எது உங்க கையால நெய்ததுன்னு நான் எப்படிக் கண்டுக்கறது?” என்றார். அதற்காக வைத்தேன். தண்ணீர் என்றுதானே எழுதியிருந்தாய்.

தீபாவளியில் அது காரம் என்று அவர் வாயாலேயே தெரிந்ததும் பதறிப்போய் நூலைப் பற்றிச் சொன்னேன். போய்ப் பார்க்கிறேன் என்றார். நீயும் வா, கூப்பிடு என்று எழுதினது அதற்குத்தான். கடிதத்தில் எழுதினால் யாருக்காக வைத்தேன் என்று கேட்பாயே. கடைசிக் கடிதத்தில் பதில் எழுதியிருந்தார். நூல் ரப்பருக்கு அடியில்தான் இருக்கிறது, முதல் நாளே அப்படிப் பார்த்துத்தான் பொருத்தினாராம், உன் கண்ணில் பட்டால் பிடுங்கிவிடுவாய் என்று. இன்னொன்றும் எழுதியிருந்தார். பலகையில் தம்பி எட்டு என்று எழுதியிருக்கிறார், இன்றைக்கு வானம் மூடியிருக்கிறது, சொன்னால் கேட்கமாட்டார், அதனால் தொட்டிப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று.

ஆகவே உன் கடிதத்தைப் பிரித்தபோதே எனக்கு எல்லாம் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லலாம் என்றுதான் பதினைந்து நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். ஒருவரைக் கொடுத்தாகிவிட்டது. நீயும் ஏதாவது செய்துகொண்டால் அம்மாவிடம் நான் என்ன சொல்வது? உனக்கு அப்போது யார்மேலாவது பழி போட வேண்டியிருந்தது. சரி, என்மேல் போடட்டும் என்று விட்டேன். நீயாகச் சொல்வாய் என்று தெரியும். நாலு மாதம் ஆகும் என்று நினைக்கவில்லை.

கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது.

டிசம்பரில் ஒரு நாள் களம்பூருக்கு பஸ் ஏறினேன். ஆலைக் களத்தில் அவருடைய அம்மா நெல் துழாவிகினு இருந்தாங்க. “யாரும்மா, இன்னா வேணும்?” என்று கேட்டாங்க. ஆரணி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். என்னை இன்னாரென்று அவர் அங்கே சொல்லியிருந்தாரா, சொல்லவில்லையா என்று தெரியவில்லை. அந்தக் கடிதத்தை நீ கேட்காதே. இயக்குநருக்குச் சாட்சியாக வேண்டும் என்றாலும் கேட்காதே. அது எனக்கு எழுதியது.

பலகையில் திரும்ப இருபது என்று எழுதிவிட்டாயா? அதற்கு மட்டும் உடனே பதில் போடு.

பாவில் மிச்சம் இருந்த ஆறு மீட்டரையும் நெய்துவிட்டேன். பிரித்து எறியச் சொன்னாள் அம்மா. அவர் நெருப்பில் காட்டி ஒட்டின நூல் மூன்றும் அந்தப் பாவில்தான் கடைசிவரை ஓடின, எறிய மனம் வரவில்லை. பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வேலைக்கு ஆகும், நெருக்கம் சரியாக இருக்கிறது. ஓரத்தில் அரக்கு நூல் வைக்கவில்லை. எது என் துணி என்று இனிமேல் அங்கே யாரும் தேடப்போவதில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

பரிமளா